பழுப்புச் சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரையும்: வித்தியாசம் ஒரு மெல்லிய பூச்சில்

ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு தேக்கரண்டி பழுப்புச் சர்க்கரையைக் கொட்டுங்கள். அதன்மேல் ஐந்தாறு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, தட்டைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். சில நொடிகளில் தேன் நிறப் பாகு ஒன்று கசிந்து கீழே இறங்கும். இன்னும் நாலு சொட்டு விட்டால், மேலே மிஞ்சியிருக்கும் படிகங்கள் வெளுத்துக்கொண்டே வரும். கடைசியில் தட்டில் நிற்பது ஏறக்குறைய வெள்ளைச் சர்க்கரைதான்.

இதைப் பார்த்து, ‘சாயம் கலந்துவிட்டார்கள்’ என்று பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டாம். பழுப்புச் சர்க்கரையின் அமைப்பே அப்படித்தான். உள்ளே சுக்ரோஸ் (வெறும் சர்க்கரை) படிகம், அதைச் சுற்றி மெல்லிய மொலாசஸ் பூச்சு. மொலாசஸ் என்பது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்த பின் மிஞ்சும் கரும்பாகு. நிறத்தின் பெரும்பகுதி அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. அதனால் தண்ணீர் பட்டதும் கழுவிக்கொண்டு போகிறது. நிறம் கரைவதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று முடிவு கட்ட முடியாது.

பழுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள எல்லா வித்தியாசமும் இந்தப் பூச்சிலிருந்துதான் பிறக்கிறது. கையில் பிசுபிசுப்பது, டப்பாவில் கல்லாக இறுகுவது, குக்கீஸை மெத்தென்று வைத்திருப்பது, ‘உடம்புக்கு நல்லது’ என்று பெயர் வாங்கியது எல்லாமே அதன் வேலைதான்.

மொலாசஸ் எங்கிருந்து வருகிறது?

கரும்பைப் பிழிந்தால் வரும் சாற்றில் சர்க்கரை மட்டும் இருப்பதில்லை. புரதம், மெழுகு, அமிலங்கள், தாது உப்புகள், நிறப்பொருள்கள், மண் துகள் எல்லாம் கலந்திருக்கும். ஆலையில் இந்தச் சாற்றைச் சூடாக்கிச் சுண்ணாம்புப் பால் சேர்ப்பார்கள். சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும். அழுக்குகள் திரண்டு அடியில் படியும். மேலே தெளிந்த சாற்றைச் சுண்டக் காய்ச்சி, காற்றழுத்தம் குறைத்த கலன்களில் கொதிக்க விடுவார்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், சர்க்கரை கருகாது. பாகு போதுமான அளவு செறிந்ததும், பொடியாக அரைத்த சர்க்கரையை விதைபோலத் தூவுவார்கள். அந்தத் துகள்களைச் சுற்றிப் படிகம் வளரும்.

இப்போது கலனில் இருப்பது படிகமும் பாகும் கலந்த குழம்பு. இதைத் துளையிட்ட கூடையில் போட்டு, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழற்றுவார்கள். வாஷிங் மெஷின் துணியைப் பிழிவதுபோல, பாகு துளை வழியாக வெளியே தெறிக்க, படிகம் உள்ளே நிற்கும். வெளியே வரும் பாகுதான் மொலாசஸ். அதை மீண்டும் காய்ச்சினால் இன்னும் கொஞ்சம் படிகம் கிடைக்கும். மூன்று முறை எடுத்த பிறகு மிஞ்சுவது கரிய, கசப்பேறிய குழம்பு. எவ்வளவு காய்ச்சினாலும் அதிலிருந்து லாபகரமாகச் சர்க்கரை எடுக்க முடியாது.

வெள்ளைச் சர்க்கரை செய்யச் சுத்திகரிப்பு ஆலையில் இன்னும் பல படிகள் உண்டு. படிகங்களின் மேற்பூச்சைக் கழுவுவார்கள், கரைப்பார்கள், கரி போன்ற பொருள்கள் வழியே வடித்து நிறத்தை எடுப்பார்கள், பிறகு மறுபடியும் படிகமாக்குவார்கள். முடிவில் கிடைப்பது கிட்டத்தட்ட 99.9 சதவீதம் சுக்ரோஸ். ‘வெளுக்கும் ரசாயனம் உள்ளேயே தங்கிவிடுகிறது, அதனால்தான் அது வெள்ளை’ என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு. சுக்ரோஸ் படிகத்துக்கு இயல்பாகவே நிறம் கிடையாது. ஒவ்வொரு படிகமும் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். குவியலாகச் சேரும்போது ஒளி சிதறுவதால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

பழுப்புச் சர்க்கரைக்கு இரண்டு வழிகள் உண்டு. பாகை முழுவதும் பிரிக்காமல் படிகத்தின்மேல் கொஞ்சம் தங்கவிடுவது ஒன்று. முழுக்கச் சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரையின்மேல் அளந்து மொலாசஸைப் பூசுவது இன்னொன்று. இரண்டாவது வழியைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் நிறமும் ஈரமும் சுவையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரவேண்டும் என்றால் இதுவே எளிது. சமையலுக்கு அதில் குறை எதுவும் இல்லை. சர்க்கரைக் கிழங்கிலிருந்து (பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த ‘சுகர் பீட்’, சர்க்கரைவள்ளி அல்ல) எடுக்கும் சர்க்கரைக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும். கிழங்கு மொலாசஸின் வாடையும் சுவையும் வாயில் வைக்கும்படி இருக்காது. அதனால் கிழங்குச் சர்க்கரையைப் பழுப்பாக்கவும் கரும்பு மொலாசஸைத்தான் பூசுகிறார்கள்.

பாக்கெட்டில் ‘லைட்’ என்று போட்டிருந்தால் சுமார் 3.5 சதவீதம் மொலாசஸ். ‘டார்க்’ என்றால் சுமார் 6.5 சதவீதம். டெமராரா, டர்பினாடோ என்ற பெயர்களில் வருபவை பெரிய படிகம், குறைந்த பூச்சு, மொறுமொறுப்பு. டெமராரா என்பது கயானா நாட்டில் உள்ள ஒரு பகுதியின் பெயர். டர்பினாடோ என்ற பெயர் சுழற்றும் எந்திரத்திலிருந்து வந்தது. மஸ்கவாடோ இவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் மொலாசஸை அவ்வளவாகப் பிரிப்பதே இல்லை. ஈர மணல்போல ஒட்டும், சுவையும் அழுத்தமாக இருக்கும். நிறம் ஒன்றுபோலத் தெரிகிறதே என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் பலகாரம் மாறிவிடும். முக்கியமாக, டெமராராவின் பெரிய படிகம் குக்கீஸ் மாவில் முழுதாகக் கரையாமல் நறநறவென்று நிற்கும்.

உடம்புக்கு எது நல்லது?

நேரடியான பதில்: சர்க்கரை என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான்.

100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 387 கலோரி. அதே எடைப் பழுப்புச் சர்க்கரையில் 380 கலோரி. பழுப்பில் கொஞ்சம் தண்ணீரும் தாது உப்பும் சேர்ந்திருப்பதால்தான் அந்த 7 கலோரி குறைகிறது. 4 கிராம் கொண்ட ஒரு தேக்கரண்டிக்கு இந்த வித்தியாசம் அரைக் கலோரிகூட வராது.

தாதுச் சத்து உண்மையிலேயே பழுப்பில்தான் அதிகம். 100 கிராமில் கால்சியம் 83 மில்லிகிராம், பொட்டாசியம் 133 மில்லிகிராம், இரும்பு 0.7 மில்லிகிராம். வெள்ளையில் இவை ஏறக்குறைய இல்லை. ‘வெள்ளையைவிடப் பல மடங்கு சத்து’ என்று எழுதுவதற்கு இந்த எண்கள் வசதியாக இருக்கின்றன. ஆனால் பொதுவாக யாரும் 100 கிராமை ஒரே நாளில் சாப்பிடுவதில்லை, சாப்பிடவும் கூடாது. ஒரு தேக்கரண்டியில் கிடைக்கும் இரும்பு 0.03 மில்லிகிராம். அமெரிக்கப் பரிந்துரைப்படி வயதுவந்த ஆணுக்கு ஒரு நாளில் தேவைப்படும் இரும்பு சுமார் 8 மில்லிகிராம். அதைப் பழுப்புச் சர்க்கரையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டுமென்றால் ஒரு கிலோ 100 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். அதில் 4,200 கலோரிக்கு மேல் இருக்கும். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களின் தேவை இன்னும் அதிகம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் ஏமாந்துவிடக் கூடாது. பழுப்புக்கு மாறினால் ரத்தச் சர்க்கரை ஏறாது என்று நினைத்துத் தாராளமாகப் போட்டுக்கொள்வது ஆபத்து. பூச்சு கரைந்ததும் குடலுக்குப் போவது அதே சுக்ரோஸ். அது அதே குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைகிறது. ரத்தத்தில் ஏறும் வேகமும் ஏறக்குறைய அதேதான்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் நிறத்தைப் பார்த்து எந்தச் சர்க்கரைக்கும் விலக்குத் தரவில்லை. உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றில் உள்ள சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்து, நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு முதல் வரம்பு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். 25 கிராம் என்பது ஆறு தேக்கரண்டி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழுப்புச் சர்க்கரை ஈரமாக இருப்பதால் கரண்டியில் உப்பலாக நிற்கும். அழுத்தாமல் அள்ளினால் ஒரு தேக்கரண்டியில் 3 கிராம்தான் வரும். டீயில் போட்டுக் குடித்தால் இனிப்பு குறைவாகத் தெரியும். உடனே இன்னொரு கரண்டி போடத் தோன்றும். அந்த இரண்டு கரண்டியில் 6 கிராம் போய்விடும். முன்பு போட்ட ஒரு கரண்டி வெள்ளையில் 4 கிராம்தான் இருந்தது.

அடுப்படியில்தான் வித்தியாசம் பெரிது

உடல்நலக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சு, மாவில் கலந்ததும் தன் வேலையைக் காட்டிவிடும். மொலாசஸில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் தனித்தனியாக இருக்கின்றன, கொஞ்சம் அமிலமும் இருக்கிறது. விளைவுகள் எல்லாம் இவை இரண்டால்தான்.

வெண்ணெய், முட்டை, மாவு எல்லாம் ஒரே அளவில் எடுத்து, இரண்டு தட்டு குக்கீஸ் சுடுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் 200 கிராம் வெள்ளைச் சர்க்கரை, மற்றொன்றில் 200 கிராம் லைட் பழுப்புச் சர்க்கரை. வெள்ளை போட்டது அகலமாகப் பரவி, மெலிந்து, ஆறியதும் படக்கென்று உடையும். பழுப்பு போட்டது பரவாமல் தடித்து நிற்கும். நடுவில் அழுத்தினால் குழியும், கடித்தால் மெல்ல இழுக்கும். காரணம் என்னவென்றால், ஓவன் சூட்டில் கரைந்த சுக்ரோஸ் ஆறும்போது மறுபடி படிகமாகி இறுகுகிறது, அதுதான் மொறுமொறுப்பு. பழுப்பில் இருக்கும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இடையில் புகுந்து அந்தப் படிகமாதலைத் தடுக்கின்றன. ஃப்ரக்டோஸ் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் பழுப்பு போட்ட குக்கீஸ் மறுநாளும் மெத்தென்று இருக்கும். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் வேண்டுமென்றால், 100 கிராம் வெள்ளையும் 100 கிராம் பழுப்பும் போடுங்கள். பல செய்முறைகளில் இரண்டையும் கலந்து சொல்வது இதற்காகத்தான்.

நிறமும் மாறும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் மாவிலும் முட்டையிலும் உள்ள புரதத்துடன் சீக்கிரமே வினைபுரிந்து பழுப்பாகும். சுக்ரோஸ் உடைந்தால்தான் அதில் சேர முடியும். எனவே வெள்ளைக்கு எழுதிய செய்முறையில் பழுப்பைப் போட்டால், குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே ஓவனை எட்டிப் பாருங்கள். மேலே சிவந்துவிட்டதே, வெந்துவிட்டது என்று நினைத்து எடுத்துவிடவும் வேண்டாம். நிறம் முந்திக்கொள்ளும், உள்ளே மாவு பச்சையாகவே இருக்கலாம். குச்சியால் குத்திப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி.

அடுத்தது பேக்கிங் சோடா. பலருடைய கேக் கெட்டுப்போவது இங்கேதான், காரணமும் பிடிபடுவதில்லை. சோடா பொங்குவதற்கு அமிலம் வேண்டும். பழுப்புச் சர்க்கரை போடும் சில செய்முறைகளில் தயிரோ எலுமிச்சையோ இருக்காது. அங்கே அமிலத்தைத் தருவது மொலாசஸ்தான். ‘சர்க்கரைதானே’ என்று வெள்ளையைப் போட்டுவிட்டால் சோடாவுக்கு ஜோடி கிடைக்காது. கேக் சரியாக எழும்பாது, வினைபுரியாமல் மிஞ்சிய சோடா நாக்கில் சோப்புபோலக் கசக்கும். அப்படிப்பட்ட செய்முறையில் ஒவ்வொரு கால் தேக்கரண்டி சோடாவுக்கும் பதிலாக முக்கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போடுங்கள். பவுடரில் அமிலம் சேர்ந்தே வரும்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு கப் வெள்ளைச் சர்க்கரை 200 கிராம். எப்படி அள்ளினாலும் பெரிதாக மாறாது. பழுப்பு அப்படியில்லை. தளர அள்ளிய ஒரு கப் 145 கிராம், அழுத்தி நிரப்பிய ஒரு கப் 220 கிராம். அதே கப்பில் 75 கிராம் வித்தியாசம் வந்துவிடுகிறது! செய்முறையில் ‘ஒரு கப் பழுப்புச் சர்க்கரை’ என்று மட்டும் இருந்தால், அழுத்தி நிரப்பியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பைத் தட்டில் கவிழ்த்தால் மணல் கோட்டைபோல வடிவம் நிற்க வேண்டும், அதுதான் சரியான அழுத்தம். தராசு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. வெள்ளைக்குப் பதில் பழுப்பு, பழுப்புக்குப் பதில் வெள்ளை எது போட்டாலும் எடைக்கு எடை மாற்றுங்கள், கப்புக்குக் கப் மாற்றாதீர்கள்.

வெள்ளையைத்தான் போட வேண்டும் என்ற இடங்களும் உண்டு. மெரிங் (வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்துச் சுடும் இனிப்பு) அடிக்கும்போது முட்டை வெள்ளைக்கரு உலர்ந்த, நுண்ணிய சர்க்கரையைத்தான் விரும்பும். பழுப்பின் ஈரம் அதைத் தளர்த்தி, சுட்ட பிறகும் பிசுபிசுக்க வைக்கும். உப்பி எழும் ஸ்பாஞ்ச் கேக்குக்கு வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, உலர்ந்த படிகத்தின் கூர்முனைதான் வெண்ணெய்க்குள் காற்றை ஏற்றுகிறது. ஈரப் பூச்சு போர்த்திய பழுப்பு அந்த வேலையை அரைகுறையாகவே செய்யும், கேக் அடர்த்தியாகிவிடும். கேரமல் காய்ச்சவும் வெள்ளைதான் நல்லது. கேரமலில் நிறத்தைப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். ஆரம்பத்திலேயே பழுப்பாக இருக்கும் சர்க்கரையில் எப்போது பதம் வந்தது, எப்போது கருகியது என்று தெரியாது. மொலாசஸில் உள்ள மற்ற பொருள்களும் முந்திக் கருகிக் கசந்துவிடும். பழத்தின் நிறம் பளிச்சென்று தெரிய வேண்டிய ஜாமுக்கும் வெள்ளைதான்.

பழுப்புக்கு ஏற்ற இடங்கள்: இஞ்சி, பட்டை, சாக்லேட், ஓட்ஸ், வாழைப்பழம், ஆப்பிள் வரும் எதுவும். புளிப்பும் காரமும் சேர்ந்த சாஸ், வாட்டும் இறைச்சியின் மேற்பூச்சு ஆகியவற்றிலும் அதன் கருகிய இனிப்பு வாசம் எடுபடும். கொதிக்கும் பாலில் மட்டும் அப்படியே கொட்டாதீர்கள். அதன் அமிலத்தால் பால் திரிந்துபோக வாய்ப்புண்டு. அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் சேருங்கள்.

வீட்டில் பழுப்புச் சர்க்கரை தீர்ந்துபோய், மொலாசஸ் மட்டும் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஒரு தேக்கரண்டி மொலாசஸ், அதாவது சுமார் 7 கிராம் விட்டால் லைட். இரண்டு தேக்கரண்டி விட்டால் டார்க். ஒரு மேசைக்கரண்டி என்று சொல்லும் செய்முறைகளும் உண்டு, அதில் மொலாசஸ் வாசம் தூக்கலாக இருக்கும். முள்கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துக் கலக்குங்கள். முதலில் கரும்புள்ளிகளாகத் திரண்டு, ‘இது கலக்கவே கலக்காது’ என்று தோன்றும். நாலைந்து நிமிடம் விடாமல் தேய்த்தால் நிறம் ஒன்றுபோல வந்துவிடும். மொலாசஸைக் குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்து ஊற்றினால் பரவாது, அறைச் சூட்டுக்கு வரட்டும்.

கல்லாக இறுகினால்

பழுப்புச் சர்க்கரை கெட்டுப்போவதில்லை, காய்ந்துபோகிறது. பூச்சில் இருக்கும் ஈரம் காற்றில் போனதும், அந்தப் பாகு கெட்டியாகிப் படிகங்களைப் பசைபோட்டதுபோல ஒட்டிவிடும். வெள்ளைச் சர்க்கரை கட்டியாவதற்குக் காரணம் இதற்கு நேர்மாறானது. ஈரம் ஏறி, படிகத்தின் மேற்பரப்பு லேசாகக் கரைந்து, பிறகு உலரும்போது ஒட்டிக்கொள்கிறது. ஆகவே வெள்ளையை உலர்வாக வையுங்கள், பழுப்பை ஈரம் போகாமல் வையுங்கள். இரண்டுக்கும் காற்றுப் புகாத டப்பா வேண்டும். பழுப்புக்கு டப்பாவில் காலி இடம் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. திறந்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைப்பது போதாது.

இறுகியதை மீட்க இரண்டு வழிகள் உள்ளன. அவசரம் இல்லையென்றால், ஒரு துண்டு ரொட்டியைச் சர்க்கரையோடு டப்பாவில் போட்டு இறுக மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். ரொட்டியின் ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். காலையில் ரொட்டி காய்ந்திருக்கும், சர்க்கரை உதிரும். ரொட்டியை உடனே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். உடனே வேண்டுமென்றால், கட்டியை ஒரு கிண்ணத்தில் போட்டு, ஈரமாக்கிப் பிழிந்த காகிதத் துண்டால் மூடி, மைக்ரோவேவில் 20 நொடி வையுங்கள். முள்கரண்டியால் உடைத்துப் பாருங்கள், போதவில்லையென்றால் இன்னும் 10 நொடி. மொத்தமாக ஒரு நிமிடம் வைத்துவிட்டால் ஓரங்கள் உருகிப் பாகாகிவிடும். அந்தப் பாகு கையில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும்.

மைக்ரோவேவில் இளக்கிய சர்க்கரை ஆறினதும் முன்பைவிடக் கெட்டியாக இறுகும். அதனால் தேவையான அளவை மட்டும் இளக்கி, சூடு இருக்கும்போதே அளந்துவிடுங்கள். உடையவே மறுக்கும் கட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அது இழந்திருப்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஈரம் மட்டுமே. தராசில் நிறுத்து, செய்முறையில் வரும் திரவத்தில் போட்டுச் சூடாக்கிக் கரைத்துக்கொண்டால், சாஸுக்கும் பானங்களுக்கும் அதே எடையில் அப்படியே பயன்படும்.